ஈரக் கட்டைவிரல்

நாற்பது ரியால், ஏழே நாள், லோகோ இலவசம்
என்கிறான் ஒருவன்.
முப்பத்தைந்து, ஐந்தே நாள்
என்கிறான் அவனுக்கு மேல்மாடிக்காரன்.
ரூவியின் மின்கம்பங்களில்
பெட்ஸ்பேஸ் விளம்பரத்துக்கும் கார்கோ விளம்பரத்துக்கும் நடுவே
ஒட்டப்பட்டிருக்கிறது எங்கள் தொழில்,
கிழித்துப்போக வசதியாக
அடியில் போன் எண்களைப் பல்பல்லாய் வெட்டி.

நான் நூற்றிருபது சொன்னேன்.
நாஸர் அல் பலூஷி தன் ஆறு தண்ணீர் லாரிகளையும்
சன்னல் வழியே ஒருமுறை எண்ணிக்கொண்டு
"மிச்ச எண்பதுக்கு என்ன தருவாய், ஜெனோவா?" என்றார்.
விடை இல்லை.
"காலையில் ஒரு லாரியில் எனக்கு இடம் வேண்டும்."

இரவு மற்றவர்கள் செய்த பக்கங்களைத் திறந்தேன்.
தண்ணீர் விற்கும் பதினொரு பேருக்கும்
ஒரே அருவி.
பாசி, பனிமூட்டம், எந்த நாட்டு மலையோ.
வாதி கபீரின் கொதிக்கும் கற்களுக்கு நடுவே
அதைப் பார்த்து எனக்கே குளிரெடுத்தது.
அதன் கீழே நோக்கம், தொலைநோக்கு, தரம், நம்பிக்கை.
போன் எண்ணுக்கு நாலு தரம் தள்ள வேண்டியிருந்தது.

ஐந்தரை மணிக்கு குல்ஸமீனின் லாரி.
அவர் பேசவில்லை; அவர் போன்தான் ஓயவில்லை.
ஹம்ரியாவில் ஒரு மொட்டைமாடி:
தொட்டிக்குள் தலையை விட்டு
வண்டலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் ஒருவர்.
தார்சைத்தில் ஒரு சலூன்:
பாதி மழித்த கன்னம் வாசலுக்கே வந்துவிட்டது.
பிறகு அந்த ஆள்,
இடுப்பில் துண்டு, தலை முழுக்கச் சோப்பு,
ஒரு கண்ணை மூடி மறு கண்ணைச் சுருக்கி,
போனைத் துண்டில் துடைத்துக்கொண்டே படியிறங்கினார்.
"மூணு தரம் அமுக்கினேன். ஈர விரலை
இந்த இழவு எடுக்கவே மாட்டேங்குது."
தமிழில்தான் சொன்னார்.
திட்டுக்கு வேறு மொழி தோதுப்படுமா.

அவ்வளவுதான்.
நாஸர் கேட்ட எண்பது ரியால்
அவர் தலையில் நுரைத்துக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு பொத்தான் வைத்தேன். நீலம். உள்ளங்கை அகலம்.
ஈரக் கட்டைவிரல் எங்கே பட்டாலும் பிடித்துக்கொள்ளும்.
அதன் கீழே ஒரு வரி: இன்னும் எத்தனை நிமிடம்.
அரபிப் பக்கத்துக்குத் தனியாக ஓர் இரவு.
எழுத்து வலமிருந்து வருகிறது,
லாரியும் வலமிருந்து வரட்டும் என்று
அதன் முகத்தைத் திருப்பினேன், அம்பைத் திருப்பினேன்.
மற்றவர்கள் சொற்களை மட்டும் மாற்றியிருந்தார்கள்;
அவர்கள் லாரிகள் அரபியில்
பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தன.

நாஸர் வெகுநேரம் பார்த்தார்.
திரும்பிய லாரியை விரலால் தடவினார்.
"அருவி எங்கே?" என்றார்.

சுலைமானி இரண்டு முறை வந்து ஆறிப்போனது.
"பதினொரு பேருக்கும் இருக்கிறது.
எனக்கு மட்டும் இல்லையென்றால்
என்னிடம் தண்ணீர் இல்லை என்று நினைக்கமாட்டார்களா?"
தனித்துத் தெரிய வேண்டும்தான்,
தனியாகத் தெரியப் பயம்.
சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
ஒற்றை ஆளாய் வேலை பார்க்கும் என் பக்கத்திலேயே
'எங்கள் குழு' என்று ஐந்து பேர்
காசுக்கு வாங்கிய பற்களோடு நிற்கிறார்கள்.

தொண்ணூற்றைந்துக்கு முடிந்தது.
அரபியில் எல்லாம் திரும்பும்,
எண் மட்டும் இடமிருந்தே ஓடும்;
எப்படிப் படித்தாலும் இருபத்தைந்து குறைவு.
அருவியும் உண்டு,
பக்கத்தின் அடிமட்டத்தில், தபால்தலை அளவு.

அன்றிரவு அந்த ஐவரையும் அனுப்பிவிட்டேன்.
அவர்கள் நின்ற இடத்தில்
'உங்கள் லாரியில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வேன்'
என்று எழுதினேன்.
ஒரு வாரம் போன் அடிக்கவில்லை.
இன்னொரு வாரமும்.
சார்ஜர் கெட்டுவிட்டதோ என்று மாற்றிக்கூடப் பார்த்தேன்.

பிறகு ஒரு குரல், மத்ராவிலிருந்து, மீன் ஏற்றுமதி:
"நாஸரின் லாரியைத் திருப்பியது நீதானா?
படகில் ஏறுவாயா?"

எத்தனை மணிக்கு என்று கேட்டு
வைத்த பிறகுதான் நினைவு வந்தது,
எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது.